மின்வேலி இருக்கிறது என்று சொல்லி 84,000 ரூபாய் வாங்கினார்கள்: நைவாஷா போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. 84,000 ரூபாய் போனது ஒரு பக்கம். என் மகளின் உயிரோடு விளையாடிவிட்டார்கள் என்பதுதான் ஆறவில்லை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

கென்யாவின் நைரோபியில் வேலை பார்க்கும் என் மைத்துனர் வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் நைவாஷா ஏரி. கரையோரக் கூடாரம், படகுச் சவாரி, ஹெல்ஸ் கேட் பூங்காவுக்கு வண்டி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து, பயண ஏற்பாடு செய்யும் ஓர் இணையதளத்தில் 84,000 ரூபாயையும் முன்கூட்டியே கட்டினோம்.

கட்டுவதற்கு முன் நான் கேட்டது ஒன்றுதான்: நீர்யானை வருமா? பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும் நீர்யானைகள் இருட்டியதும் புல் மேயக் கரையேறும். அதற்காகவே அங்கே ஏரிப் பக்கம் மின்வேலி போடுகிறார்கள். பயணத்தை ஏற்பாடு செய்த முகவர் உடனே ஒரு வீடியோ அனுப்பினார். வேலிக் கம்பி, பின்னால் ஏரி. மின்சாரம் பாயும் 'டிக், டிக்' சத்தம்கூடக் கேட்டது. தமிழிலேயே பேசினார். "இரவு முழுக்கக் காவலாளி இருப்பார் அண்ணா, பாப்பாவோடு நிம்மதியாகத் தூங்குங்கள்" என்றார். அந்த 'அண்ணா'வை நம்பித்தான் பணத்தை அனுப்பினேன்.

நள்ளிரவில் மனைவி என் தோளை அழுத்தினாள். வெளியே சரக் சரக்கென்று புல்லைப் பிடுங்கும் சத்தம். பிறகு, கனத்த மூச்சு. கூடாரத் துணி உள்பக்கமாகப் புடைத்தது. கயிறு ஒன்று அறுந்து தெறித்தது. ஒரு டன்னுக்கு மேல் கனக்கும் மிருகம், ஒரு துணிக்கு அப்பால்! மகளின் வாயைப் பொத்தி அணைத்துக்கொண்டோம். காவலாளியின் எண் என்று தந்திருந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. அது தானாக விலகிப் போகும்வரை அசையாமல் கிடந்தோம்.

விடிந்ததும் வேலியைப் போய்ப் பார்த்தேன். ஏரி மட்டம் உயர்ந்து பாதிக் கம்பங்கள் தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்தன. மின்பெட்டியைத் திறந்தால் உள்ளே பேட்டரியே இல்லை. காவலாளிக்குப் பல மாதமாகச் சம்பளம் தரவில்லையாம், அவர் வருவதே இல்லை என்றார் தோட்டக்காரர். அந்த ஏழையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முகாம்காரரைக் கேட்டால், "வேலி பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லையே, முகவரைக் கேளுங்கள்." முகவரைக் கேட்டால், "மிருகம் பார்க்கத்தானே அண்ணா ஆப்பிரிக்கா போனீர்கள்?" மறுநாள் என் எண்ணையே முடக்கிவிட்டார். இணையதளமோ, நாங்கள் இரவு தங்கிவிட்டதால் பணம் திரும்பாது என்கிறது. எங்கே தங்கினோம்? அந்த விடியலிலேயே பெட்டியைக் கட்டிவிட்டோம். படகும் இல்லை, பூங்காவும் இல்லை. 84,000 ரூபாய்!

எழுத நிறைய இருந்தது, ஆத்திரத்தில் ஓடவில்லை. முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். கென்யாவின் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே வேலியைக் கண்ணால் பாருங்கள். இரவில் கூடாரத்தை விட்டு இறங்காதீர்கள்; நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒருபோதும் போகாதீர்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் உடனே புகார் கொடுங்கள். நான் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை.