பவுடர் போதும், பாடினவர் பெயரைச் சொல்லுங்கள்

கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு மாடிக் கோப்பிக் கடை. மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில் அங்கே ‘நோர்தர்ன் சோல் இரவு’ நடக்கிறது. நுழைவு 3,000 ரூபா. அதற்குள் ஒரு மீன் ரோல்ஸும் ஒரு ஐஸ் கோப்பியும் அடக்கம். முதல் ஒரு மணித்தியாலம் திரையில் பழைய படத் துண்டுகள், அதற்குப் பிறகு ரெக்கோர்ட். நடத்துகிறவர்கள் இளம் பிள்ளைகள். கொஞ்சம் குறை சொல்லத்தான் போகிறேன் என்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாட்டுப் பகுதிக்குக் கொடுத்த காசு தகும். படப் பகுதிக்குத் தகாது.

இது என்ன சங்கதி என்று கேட்பவர்களுக்கு: 1960களின் நடுவில் அமெரிக்காவில், டெட்ராயிட், சிக்காகோ போன்ற நகரங்களில், பெரும்பாலும் கறுப்பினப் பாடகர்கள் பாடிய வேகமான சோல் பாட்டுகள் ஏராளமாக வெளிவந்தன. பல விற்கவே இல்லை. அப்படிக் கைவிடப்பட்டவற்றை இங்கிலாந்தின் வடபகுதித் தொழில் நகரங்களின் இளைஞர்கள் தேடிப் பிடித்து, விடிய விடிய ஆடினார்கள். மன்செஸ்டரில் ட்விஸ்டட் வீல், ஸ்டோக் பக்கம் கோல்டன் டோர்ச், பிளாக்பூலில் மெக்கா, எல்லாவற்றிலும் பெயர்போன விகன் கசினோ. விகனில் 1973 செப்டெம்பரில் தொடங்கி 1981 டிசம்பரில் முடிந்தது. கசினோ என்றதும் கொழும்புக்காரருக்கு வேறு இடம்தான் நினைவு வரும். இது பழைய நடன மண்டபம். சூதாட்டம் இல்லை, இரவு ஆட்டத்தில் மதுவும் இல்லை. சனி நள்ளிரவு கழிந்து தொடங்கினால் ஞாயிறு காலை எட்டு மணிக்குத்தான் கதவு திறக்கும். மதுவுக்குப் பதிலாகப் போதை மாத்திரை இருந்தது. அறிமுக உரையில் பிள்ளைகள் அதை நாகரிகமாக விட்டுவிட்டார்கள்.

வெள்ளவத்தைக்காரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், பத்து வருடத்துக்கு மேல் விகனுக்குப் பக்கத்து ஊரான போல்ற்றனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தவன் நான். விடியப்புறம் பேப்பர் கட்டுக் கொண்டுவரும் மனிதர், அப்போதே ஐம்பது தாண்டியவர், பதினாறு வயதில் விகனுக்குப் போய் ஆடியவர். தன் வானில் கசெற் போட்டுவிட்டு, கடைக் கதவைத் திறந்து வைக்கச் சொல்வார். என் சோல் படிப்பெல்லாம் அவர் தந்தது. அதனால் இந்த மதிப்புரை கொஞ்சம் அவர் பக்கம் சாயும்.

திரையில் முதலில் வந்தது 1977இல் கிரனடா தொலைக்காட்சிக்காக டோனி பால்மர் விகன் கசினோவைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தின் துண்டு. ஆட்டத்தைக் காட்டும், உடனே ஆலையைக் காட்டும், திரும்ப ஆட்டம். நன்றாக எடுக்கப்பட்ட படம்தான், மறுப்பதற்கில்லை. அந்தக் கால்களின் வேகத்தை இன்றைக்குப் பார்த்தாலும் வாய் பிளக்கும். கோப்பிக் கடையில் இருந்த கூட்டம் கை தட்டியது. ஆனால் பேப்பர்க்கார நண்பர் சொன்னதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மண்டபம் இருட்டானது, அதுதான் அதன் சுகம். கமராவுக்காகப் பெரிய விளக்குகளை ஏற்றியதும் பாதிப் பேருக்கு ஆட்டம் வரவில்லை, ரி.வி. வருகிறது என்று கேள்விப்பட்ட பழைய ஆட்கள் சிலர் அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்பார். அவரும் அப்படி வீட்டில் இருந்தவர். ஆக, கமராவைக் கண்டு ஒளிக்காதவர்கள்தான் படத்தில் இருக்கிறார்கள். இன்றைக்கு விகன் என்றதும் உலகம் எடுத்துக் காட்டுவது அவர்களைத்தான்.

அடுத்த துண்டு 1975, பிபிசியின் ‘டொப் ஒஃப் த பொப்ஸ்’ என்ற பாட்டு நிகழ்ச்சி. விகன் ஆட்டக்காரர்களைக் கூட்டி வந்து மேடையில் ஆடவிட்டிருக்கிறார்கள். பின்னால் ஓடும் பாட்டு ‘விகன்ஸ் சோசன் ஃபியூ’ என்ற பெயரில் வெளிவந்தது. அப்படி விகனில் ஒரு குழு இருந்ததே இல்லை. கனடாவில் ஒரு குழு வாசித்த வாத்திய இசையை வேகம் கூட்டி, கூட்டத்தின் ஆரவாரத்தை மேலே ஒட்டி விற்றார்கள். அது பிரிட்டனில் முதல் பத்துக்குள் ஏறியது. அதற்குப் பிறகு பஸ் பிடித்து வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைப் பற்றி நண்பருக்கு முப்பது வருடம் கழிந்தும் எரிச்சல் அடங்கவில்லை.

இந்த இடத்தில் அறிவிப்பாளர் தம்பி ஒலிவாங்கியைப் பிடித்து, “ஊடகம் வந்தது, அசல் போனது” என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. கதை அவ்வளவு நேர்கோடு இல்லை. இந்த இசைக்குப் பெயர் வைத்ததே ஒரு பத்திரிகைப் பத்தி. லண்டனில் ரெக்கோர்ட் கடை வைத்திருந்த டேவ் கோடின், வடக்கிலிருந்து வரும் வாடிக்கையாளர்கள் புதுச் சரக்கைத் தொடாமல் பழைய வேகப் பாட்டுகளையே கேட்பதைக் கவனித்து, கடைக்குள் அடையாளத்துக்காக அவற்றை ‘நோர்தர்ன் சோல்’, அதாவது வடக்கத்திச் சோல், என்று அழைத்தார். 1970இல் ‘புளூஸ் அன்ட் சோல்’ சஞ்சிகையில் எழுதியும் விட்டார். கோடின் எழுதாவிட்டால் அன்றைய இரவுக்குச் சுவரொட்டியில் போட ஒரு பெயரே இருந்திருக்காது.

அதுமட்டுமா, அந்த உலகத்துக்குள்ளேயே பொய் ஏராளம். நல்ல ரெக்கோர்ட் ஒன்று கிடைத்தால், போட்டி டிஜே கண்டுபிடிக்காமல் இருக்க லேபிளின் மேல் காகிதம் ஒட்டி, பாடகருக்குக் கள்ளப் பெயர் வைப்பார்கள். பிராங்க் வில்சன் 1965இல் மோட்டவுன் ரெக்கோர்ட் கொம்பனியின் ‘சோல்’ என்ற லேபிளுக்குப் பாடிய ரெக்கோர்ட் அதற்கு நல்ல சாட்சி. வெளியிடாமலே நிறுத்தப்பட்டு, மிஞ்சியது விரல் விட்டு எண்ணக்கூடிய பிரதிகள். அதைக் கள்ளப் பதிப்பாக அச்சடித்தபோது எடி ஃபொஸ்டர் என்று பெயர் போட்டார்கள். ஆடினவர்கள் எடி ஃபொஸ்டருக்குத்தான் ஆடினார்கள். முறையாக 1979இல் பிரிட்டனில் வெளிவந்தது. மூலப் பிரதி ஒன்று 2009இல் 25,742 பவுணுக்கு விலைபோனது. இப்படிப்பட்ட ஆட்கள் ரி.வி.யைப் பார்த்து ‘பொய்’ என்று கத்தும்போது எனக்குச் சிரிப்பு வரும். நண்பரிடமும் சொல்லியிருக்கிறேன், அவர் சிரிக்கவில்லை.

அப்படியென்றால் என் குறை என்ன? கமரா வந்தது குறை இல்லை. வந்த கமரா காலை மட்டும் பார்த்தது என்பதுதான் குறை. அகலக் கால்சட்டை, சுழற்சி, பல்டி, தரையில் பவுடர். ஐம்பது வருடமாக எந்தச் சானல் இந்தக் கதையைச் சொன்னாலும் இவையே திரும்பத் திரும்ப வருகின்றன. பெட்டி பெட்டியாகப் பழைய ரெக்கோர்ட்டைக் கிளறிய கை, ஒரு செக்கனில் லேபிளை அடையாளம் கண்ட கண் படத்தில் ஏறுவதில்லை. அதைவிட மோசம், பாடினவர்கள் ஏறுவதில்லை. வாசலில் 1,200 ரூபாவுக்கு விற்ற, சட்டையில் தைக்கும் துணிப் பட்டியில் இந்த ஆட்டக்காரர்களின் சின்னமான மூடிய முஷ்டி. தொழிலாளர் போராட்டச் சின்னம் என்று தம்பி ஒருவர் விளக்கினார். அது அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராட்டத்தின் முஷ்டி. ஆலையையும் புகைபோக்கியையும் மட்டும் காட்டும் படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறெப்படிச் சொல்லும்?

நாங்களும் யோக்கியர் இல்லை. 2018 ஜனவரியில் நம் பொப் பாடகர் ஏ.ஈ. மனோகரன் காலமானபோது நம் வானொலி, தொலைக்காட்சிகளில் நான் கேட்டது அதே ஒரு பாட்டு. நித்தி கனகரத்தினத்துக்கும் ஒரே ஒரு பாட்டுத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஈழத்துப் பொப் இசை என்று நிகழ்ச்சி செய்தால் அகலக் கொலரும் கிருதாவும் காட்டுவார்கள். கிற்றார் வாசித்தவர் யார், தபேலாவுக்கு யார், எங்கே ஒலிப்பதிவு? மூச்சு விட மாட்டார்கள்.

சரி, கடைக்கு வருவோம். படம் முடிந்ததும் தரையில் பேபி பவுடர் தூவினார்கள். கரம் போர்ட்டில் காய் வழுக்கப் போடுவதுபோல, மரத் தரையில் சப்பாத்து வழுக்கிச் சுழல்வதற்காக விகனில் போட்டது அது. கொள்ளுப்பிட்டியில் தரை டைல்ஸ், கடல் காற்றின் ஈரம், போதாததற்கு யாரோ சிந்திய ஐஸ் கோப்பி. பத்து நிமிடத்தில் வாசனைப் பசை. ஒரு அன்ரியின் செருப்பு ஒட்டிக்கொண்டு, ஆள் மட்டும் முன்னால் போனார். நல்ல காலம், பக்கத்தில் இருந்தவர் பிடித்துக்கொண்டார். நான் சத்தமாக ஏதோ சொல்ல, “மாமா, கொஞ்சம் சும்மா இருங்கோ” என்று மருமகள் என் கையைக் கிள்ளினாள். ஆனாலும் எழுதுகிறேன்: அந்தப் பவுடரை நிறுத்துங்கள், யாராவது இடுப்பை உடைத்துக்கொள்ள முன்.

அதற்குப் பிறகு ரெக்கோர்ட் போட வந்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்குமோ தெரியாது. இவர் ஒருவருக்காகவே திரும்பப் போகலாம். எல்லாம் ஏழு அங்குல ரெக்கோர்ட். மறுபதிப்புகள்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இந்த அளவு அமெரிக்க ரெக்கோர்ட்டுகளின் நடுத் துளை பெரியது, அதற்கு ஒரு பிளாஸ்ரிக் வில்லை போடாவிட்டால் தட்டில் ஆடும். ஒவ்வொன்றுக்கும் வில்லையை வைத்து, ரெக்கோர்ட்டின் விளிம்பை மட்டும் பிடித்து இறக்கி, ஊசி வைக்குமுன் விரல் நுனியால் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கிட்டப் போய் விசாரித்தேன். “அங்கிள், இதைப் பாருங்கோ” என்று கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தார். பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் பொடி எழுத்தில் இலக்கங்கள். மூலப் பதிப்பில் அச்சுக் குத்திய இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் கையால் கீறியிருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்றார். தன்னிடமுள்ள ஒன்று அப்படிக் கள்ளப் பதிப்பு, தெரிந்தே வைத்திருக்கிறாராம், “சத்தம் நல்லா இருக்கு” என்று காரணம். இதைத் திரையில் பெரிதாகக் காட்டியிருந்தால் அந்த முதல் மணித்தியாலத்துக்கும் நான் மனதாரக் காசு கொடுத்திருப்பேன்.

குளோரியா ஜோன்ஸைப் போட்டார். 1965இல் ரெக்கோர்ட்டின் பின்பக்கத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த பாட்டு. 1981இல் சொஃப்ட் செல் திரும்பப் பாடி பிரிட்டனில் முதலிடத்துக்கு ஏறியது. கூட்டத்தில் பாதிக்கு அந்தப் பிந்தியதுதான் தெரியும், மூலம் தொடங்கியதும் தடுமாறி, பிறகு பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் விகனில் வழமையாக முடித்துவைத்த அந்த மூன்று பாட்டு: ஜிம்மி ராட்கிளிஃப், டோபி லெஜென்ட், டீன் பாரிஷ். இதில் டீன் பாரிஷ் நியூயோர்க் பக்கத்து இத்தாலியக் குடும்பத்து வெள்ளையர், தன் பாட்டுக்கு விகனில் இப்படியொரு வாழ்வு இருந்தது பல வருடம் அவருக்கே தெரியாது. அசல், கறுப்பு, வெள்ளை என்று கணக்குப் போடுகிறவர்களை இந்த மனிதர் நல்ல குழப்பத்தில் விடுவார். பிள்ளை மூன்று பெயரையும் சொல்லித்தான் போட்டார். அறிவிப்பாளர் தம்பி அந்த நேரம் துணிப் பட்டி விற்றுக்கொண்டிருந்தார்.

ஒலி பரவாயில்லை. சுவர், தரை எல்லாம் வழுவழுப்பு என்பதால் மேல் சுருதி காதைக் கீறுகிறது, ஜன்னல் பக்கத் திரைச்சீலையை இழுத்துவிட்டாலே பாதி சரியாகும். ரோல்ஸ் சூடு, மிளகு தூக்கல், குறை இல்லை. ஐஸ் கோப்பியில் சீனி அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். கதிரைகள் குறைவு, என் வயதுக்காரர் இடப்பக்கச் சுவரோரம் உள்ள வாங்கைப் பிடியுங்கள், அங்கேதான் மின்விசிறியும் உண்டு, ரெக்கோர்ட் தட்டும் தெரியும். அயலவர் முறைப்பாட்டால் பத்தரைக்கு நிறுத்திவிடுகிறார்கள், வெளியே ஓட்டோவுக்குக் கஷ்டமில்லை.

பிள்ளைகளிடம் ஒரு யோசனை சொல்லிவிட்டு வந்தேன்: கரும்பலகை ஒன்று வாங்கி, ஓடும் பாட்டின் பாடகர், ஊர், வருடம் மூன்றையும் எழுதுங்கள். ரெக்கோர்ட் போடும் பிள்ளை உடனே தலையாட்டினார். தம்பி, “பார்க்கலாம் அங்கிள்” என்றார்.

நீங்கள் போவதானால் ஏழரைக்குப் போங்கள், படம் அந்நேரம் முடிந்திருக்கும். பிந்தி வந்தால் நுழைவுக் காசில் குறைப்பார்களா என்று கேட்டுப் பார்த்தேன். குறைக்க மாட்டார்களாம்.