க்ரூ போட்ல சஸ்பென்ஷன் சீட்: மூணு வருஷம் உக்காந்து பாத்த அனுபவம்

அபுதாபி பக்கம் ஆயில் பிளாட்ஃபார்முக்கு ஆள் ஏத்தி இறக்குற க்ரூ போட்ல கேப்டனா இருக்கேன். எங்க போட்ல சஸ்பென்ஷன் சீட் மாட்டி மூணு வருஷம் ஆச்சு, வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்காக எழுதுறேன்.

முன்னாடி சாதா ஃபோம் சீட் தான். ஷமால்னு சொல்ற வடமேற்கு காத்து கிளம்பிட்டா கல்ஃப்ல அலை ரொம்ப உயரமா இருக்காது, ஆனா கிட்டக்கிட்ட செங்குத்தா வரும், 25 நாட் வேகத்துல (மணிக்கு 46 கிலோமீட்டர் கிட்ட) போற போட் ஒண்ணுல எகிறி அடுத்ததுல டமார்னு விழும்போது அந்த அடி நேரா இடுப்புல ஏறும். ட்யூட்டி முடிஞ்சு குனிஞ்சு ஷூ கழட்ட முடியாது.

புது சீட்டுக்கு அடியில பைக் பின்னாடி இருக்குற மாதிரி ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இருக்கு, சீட் கீழ இறங்கி அடிய வாங்கிக்குது. முதல் வாரமே வித்தியாசம் தெரிஞ்சுது. ஆனா பக்கவாட்டுல அடிக்கிற அலைக்கு பெருசா உதவல, கழுத்து தான் தாங்கணும்.

முக்கியமானது வெயிட் செட்டிங். நான் 90 கிலோ, டெக்ஹேண்ட் தம்பி, அதாவது போட் மேல்தளத்துல வேலை பாக்குற பையன், 58. என் செட்டிங்ல அவன் உக்காந்தா சீட் அசையவே அசையாது, பலகை மாதிரி. அவன் செட்டிங்ல நான் உக்காந்தா அடிவரைக்கும் இறங்கி லொட்டுனு முட்டும், அது பழைய ஃபோமை விட மோசம்.

ரெண்டாவது வருஷம் பின்சீட் ஒண்ணுல டேம்பர், அதாவது அந்த ஷாக் அப்சார்பர், ஆயில் கசிஞ்சு வேலை செய்யாம போச்சு. ஸ்பேர் கேட்டு எழுதிக் கொடுத்தும் ரெண்டு மாசம் வரல. யாரும் உக்காரக்கூடாதுன்னு டேப் ஒட்டி வச்சிருந்தேன், ஒருநாள் ஆள் நிறைஞ்சு போய் தம்பி அதுலயே உக்காந்துட்டான். ஒரே ஒரு அலை. அவன் கத்தக்கூட இல்ல, ரெண்டு கையாலயும் கைப்பிடிய புடிச்சுக்கிட்டு எழுந்திரிக்க முடியாம அப்படியே இருந்தான். எக்ஸ்ரேல முதுகெலும்பு கண்ணி ஒண்ணு நசுங்கியிருந்துச்சு. வேகத்த கூட்டிக் குறைக்கிற த்ராட்டில் என் கையில தான் இருந்துச்சு, இன்னைக்கும் மனசு ஆறல.

வீல் புடிக்கிறவனுக்கு அலை கண்ணுக்குத் தெரியும், முட்டிய மடக்கி உடம்ப தயார் பண்ணிக்குவான். பின்னாடி இருக்குறவனுக்கு ஒண்ணும் தெரியாது. அதனால இப்ப பெரிய அலை வந்தா குரல் கொடுத்துட்டு த்ராட்டிலை குறைச்சிடுவேன், லேட்டானா ஆகட்டும். ஐரோப்பாவுல 2002ல வந்த அதிர்வு விதிப்படி 8 மணி நேர வேலைக்கு உடம்பு வாங்குற அதிர்வு 0.5 தாண்டினா நடவடிக்கை எடுக்கணும், 1.15 தாண்டவே கூடாது, மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர் கணக்குல. ஆனா நாள் முழுக்க சராசரி போட்டா ஒத்த அடி அதுல கரைஞ்சு போயிடும், தம்பி முதுகெலும்ப நசுக்கினது அந்த ஒத்த அடி தான்.

தினமும் நல்ல தண்ணியில சீட் ஏறி இறங்குற ரெயில்ல உப்பு போக கழுவுங்க, கிளம்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சீட்டையும் அழுத்திப் பாருங்க, ஆயில் கறை இருந்தா யாரையும் உக்கார விடாதீங்க. வாங்கும்போதே டேம்பர் ஸ்பேர் ஒண்ணு கூடவே வாங்கி போட்லயே வச்சுக்குங்க.