தொலைபேசி அடாப்டர்களுக்குத் தொலைவிலிருந்தே கான்ஃபிக்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

சாதாரணத் தொலைபேசியை இணையம் வழியே பேச வைக்கும் கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801, எச்டி802 அடாப்டர்களை ஆங்காங்கே மாட்டிவிட்டு, அமைப்புகளை மட்டும் சர்வரிலிருந்து கொடுக்கும் முறை நன்றாகவே உழைக்கிறது. கோப்பு எழுதுவது பெரிய வேலையில்லை. அதை எடுக்க அடாப்டர் மறுபடி வருமா என்பதுதான் தலைவலி.

அடாப்டர் கேட்கும் கோப்பின் பெயரில் மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உரிய 12 இலக்க அடையாளம்) சிறிய எழுத்தில், இடையில் புள்ளி எதுவும் இல்லாமல் இருக்கும். லினக்ஸ் சர்வரில் ஒரு பெரிய எழுத்து நுழைந்தாலே 404, அதாவது கோப்பு இல்லை என்ற பதில். உள்ளே ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு பி எண். முதல் போர்ட்டுக்கு பி47 எஸ்ஐபி சர்வர் (அடாப்டர் பதிவு செய்துகொண்டு அழைப்புகளைப் பெறும் சர்வர்), பி35 பயனர், பி36 அங்கீகாரப் பெயர், பி34 பாஸ்வேர்டு. எச்டி802-இன் இரண்டாவதற்கு பி747, பி735, பி736, பி734. பாஸ்வேர்டில் & குறி அப்படியே கிடந்தால் எக்ஸ்எம்எல் வடிவிலான அந்தக் கோப்பு உடைந்துவிடும். சர்வர் லாகில் (பதிவேட்டில்) 200, அதாவது வெற்றி என்றிருக்கும், அடாப்டரிலோ எதுவும் மாறியிருக்காது. எழுத்தும் எண்ணும் மட்டும் கலந்த நீளமான பாஸ்வேர்டு வைத்தால் இந்தத் தொல்லையே வராது.

இனி முக்கியமான சங்கதி. புதிய கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் இடைவெளி பி193. தொழிற்சாலை மதிப்பு 10080 நிமிடம், அதாவது ஒரு வாரம். அவசரத்துக்கு எஸ்ஐபி நோட்டிஃபை என்ற செய்தியை அனுப்பி உடனே எடுக்க வைக்கலாம். ஆனால் அது எஸ்ஐபி சர்வரில் பதிவாகியிருக்கும் அடாப்டருக்குத்தான் போய்ச் சேரும். பி47-இல் ஒரு எழுத்து பிசகினால் பதிவு போச்சு, நோட்டிஃபையும் போச்சு. ஒரு வாரம் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருப்பவரைக் கூப்பிட்டு மின்சாரத்தை அணைத்துப் போடச் சொல்ல வேண்டும். ஆகவே எஸ்ஐபி வரிகளைத் தொடுவதற்கு முன்பே பி193-ஐ 60 ஆக்கி, அது எல்லா அடாப்டருக்கும் போய்ச் சேர்ந்ததை லாகில் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பு சர்வரின் முகவரியான பி237-ஐயும் எஸ்ஐபி வரிகளையும் ஒரே நாளில் மாற்றவே கூடாது.

எளிய கோப்புப் பரிமாற்ற முறையான டிஎஃப்டிபி, வீட்டு ரவுட்டரின் நேட்டை (உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றுவது) தாண்டும்போது மக்கர் செய்யும். வெறும் எச்டிடிபி இன்னும் மோசம்: மேக் முகவரியின் முதல் ஆறு இலக்கங்கள் நிறுவனத்துக்குரியவை, மீதியை வரிசையாக ஊகித்துக் கோப்புகளை அள்ளிவிடுவார்கள், அப்புறம் சர்வதேச அழைப்புக் கட்டணம் உங்கள் தலையில். ஆகவே மறையாக்கப்பட்ட எச்டிடிபிஎஸ், கூடவே பயனர்பெயர், பாஸ்வேர்டு வையுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பையும் இயக்கினால், சரியான நேரம் தரும் என்டிபி சர்வரை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கடிகாரம் சரியாக இல்லாத அடாப்டருக்கு நல்ல சான்றிதழும் செல்லாததாகவே தெரியும்.

இன்னொரு மறைமுக வில்லன் டிஎச்சிபி 66, அதாவது ஐபி முகவரியோடு சேர்த்து ரவுட்டர் தரக்கூடிய கோப்பு சர்வர் முகவரி. அங்குள்ள ரவுட்டர் அதைக் கொடுத்தால் அடாப்டர் உங்கள் சர்வரை விட்டுவிட்டு அங்கே போய்க் கேட்கும். அந்த அனுமதியைக் கோப்பிலேயே அணைத்து வையுங்கள்.

சிஸ்கோ எஸ்பிஏ112 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கோப்பை மறையாக்கும் கருவியான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 1.1.0 பதிப்பு முதல் இயல்பான டைஜஸ்ட் (பாஸ்வேர்டிலிருந்து சாவி உருவாக்கப் பயன்படும் முறை) எஸ்எச்ஏ256 ஆகிவிட்டது. மறையாக்கும்போது எம்டி5 என்று வெளிப்படையாகக் குறிப்பிடாவிட்டால் அடாப்டரால் கோப்பைத் திறக்க முடியாது.

எதற்கும் மசியாத கிராண்ட்ஸ்ட்ரீம் என்றால், அங்கிருப்பவரை அடாப்டரில் செருகிய தொலைபேசியில் *** (மூன்று முறை) அழுத்தி 02 போடச் சொல்லுங்கள். ஐபி முகவரியை அதுவே வாசிக்கும்; எல்லாம் பூஜ்ஜியமாக வந்தால் கோளாறு கோப்பில் இல்லை, கேபிளிலோ ரவுட்டரிலோதான்.