சிரங்கைப் படம் காட்டி விளக்க எது ஏற்றது: சுவரொட்டியா, காணொளியா, புரட்டு அட்டையா?

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளில், குளிருக்கு ஒரே கம்பளிக்குள் மூன்று பிள்ளைகள் உறங்கும்போது, ஒருவருக்கு வந்த சிரங்கு மற்றவர்களையும் எளிதில் தொற்றிக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்த இந்த நோய்க்குப் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு நல்ல மருந்து. ஆனால் அரிப்பே இல்லாதவரும் ஏன் பூசிக்கொள்ள வேண்டும் என்பதை வீட்டாருக்குப் புரியவைப்பது எளிதன்று. படங்களின் தேவை அங்கேதான் எழுகிறது.

சுவரொட்டி மலிவானது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காத்திருப்போர் கண்ணில் படும். ஆயினும் சிரங்கை உண்டாக்கும், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத சிற்றுண்ணியை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி அச்சிட்டால், அப்படிப்பட்ட பூச்சி எங்கள் வீட்டில் இல்லையே என்று பார்ப்பவர் நினைக்க இடமுண்டு. அருகில் ஒரு ராகி மணியை வரைந்து, உண்ணி அதைவிடச் சிறியது என்று காட்டினால் இந்தக் குழப்பம் தீரும். வெளிர்நிறத் தோலில் சிவந்த தடிப்புகளைக் காட்டும் புகைப்படங்களும் இங்கு உதவமாட்டா; கருநிறத் தோலில் அந்தச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது.

கைப்பேசிக் காணொளியின் பலம் அசைவு. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, அக்குள், தொப்புள், நகத்தடி என எதையும் விடாமல் பூசுவதைக் கண்ணால் பார்த்தவர் மறப்பதில்லை. படுகு, இருளம், பணியம் ஆகிய மொழிகளில் தனித்தனியே குரல் சேர்க்கவும் முடியும். சிக்னல் எட்டாத பள்ளத்தாக்குக் குடியிருப்புகளுக்கு அதை முன்பே பதிவிறக்கிக்கொண்டு செல்ல வேண்டும்.

எனினும் எனக்குப் புரட்டு அட்டையே முதன்மையானதாகத் தோன்றுகிறது. இந்த நோயில் விளக்க வேண்டியவை பெரும்பாலும் காலத்தைச் சார்ந்தவை: முதன்முறை தொற்றுபவருக்கு அரிப்பு தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம், அதனால் வீட்டார் அனைவரும் ஒரே இரவில் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளித்து, ஒரு வாரத்தில் மீண்டும் பூச வேண்டும், உண்ணி செத்த பின்னும் அரிப்பு சில வாரங்கள் நீடிக்கலாம். இவற்றை ஒரே தாளில் கட்டம் கட்டமாக வரைந்தால், வாசித்துப் பழகாதவருக்கு எதை முதலில் பார்ப்பது என்பதே விளங்காது. அட்டையில் ஒரு தாளுக்கு ஒரு படம்தான். கிராம சுகாதாரச் செவிலியர் அதைக் காட்டிவிட்டு, கேள்வி வரும்வரை காத்திருந்து, பிறகு அடுத்த தாளைப் புரட்டலாம். இரண்டாம் வாரத்திலும் பிள்ளை சொறிவதைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று முடிவு செய்யும் தாய்க்கு, அந்தக் கடைசித் தாளும் அதையொட்டிய பேச்சும் அவசியம்.

அச்சிட்ட அட்டைகளை அப்படியே வாங்கிவந்து பயன்படுத்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. துணிகளை வெயிலில் காயவைக்கச் சொல்லும் படம், தென்மேற்குப் பருவமழை விடாது கொட்டும் கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் பொருந்தாது. உண்ணி சாகும்வரை துணிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்கச் சொல்வதும், பிளாஸ்டிக் பைகளுக்குத் தடையுள்ள இம்மாவட்டத்தில் சரிப்படாது. துவைக்க முடியாத கம்பளியை மூடியுள்ள டிரங்குப் பெட்டியில் ஒரு வாரம் பூட்டிவைக்கும் படத்தை அந்த இடத்தில் வரைந்து சேர்க்கலாம்.