மலையகத்தில் கடல்நீர்த் தொட்டிக்கு ஸ்கிம்மர்: எதை வளைக்கலாம், எதை வாங்கலாம்

நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ கடல்மீன் வளர்ப்பவருக்கு புரோட்டீன் ஸ்கிம்மர் ஆடம்பரப் பொருள் அல்ல. கரையோரத்தில் இருப்பவர் தண்ணீர் கெட்டால் இரண்டு கேன் கடல்நீர் பிடித்து மாற்றிவிடுவார். நாம் நீர்கொழும்புக்கு இறங்க வேண்டும், ஊவாப் பக்கம் என்றால் பொத்துவிலுக்கு. அதுவும் முடியாவிட்டால் இறக்குமதி உப்பைக் கரைக்க வேண்டும், அதன் விலை தெரிந்ததுதான். ஆகவே அழுக்கு தண்ணீரிலேயே அழுகுவதற்கு முன் அதை நுரையாக வெளியே தள்ளும் கருவி நமக்குத்தான் அதிகம் தேவை.

இன்னொரு காரணமும் உண்டு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். ஹீட்டர் போட்டு 25 பாகையில் வைத்த கடல்நீர், கரையோரத்தில் லீட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவு ஒக்சிஜனைப் பிடித்து வைக்கும் என்றால் அங்கே 5.4 அளவுதான் பிடிக்கும். மீனுக்கு மூச்சு விடும் இடமே குறைவு. ஸ்கிம்மர் நாள் முழுக்கக் காற்றைக் கலந்துகொண்டிருப்பது அந்த அளவும் மேலும் இறங்காமல் இருக்க உதவும்.

சரி, வீட்டிலேயே செய்வதென்றால் எந்த வகை? சமவெளியில் செய்து பார்த்தவர்கள் சொல்லும் விடை இங்கே அப்படியே பொருந்தாது என்பது என் திடமான எண்ணம். உயரம், ஈரம், குளிர் மூன்றும் சேர்ந்து கணக்கை மாற்றிவிடுகின்றன.

மரக்கல்லா, ஊசிச் சக்கரமா

குமிழி உண்டாக்க இரண்டு வழிகள்தான் வீட்டு வேலைக்குச் சரிவரும். ஒன்று, லைம்வுட் என்ற மரத்தில் செய்த காற்றுக்கல்லை உயரமான குழாயின் அடியில் வைத்து ஏர் பம்பால் ஊதுவது. தண்ணீர் மேலிருந்து இறங்கும், குமிழி கீழிருந்து ஏறும், இரண்டும் எதிரெதிரே உரசிக்கொள்ளும் நேரம்தான் இதன் பலம். மற்றது, பம்பின் விசிறிக்குப் பதிலாக ஊசிகள் முளைத்த சக்கரத்தைப் பொருத்தி, அது உறிஞ்சும் காற்றைத் தூளாக்குவது.

ஊசிச் சக்கரம் உயரம் கேட்காது, அரை மீட்டருக்குள் தொட்டி ஸ்டாண்டின் கீழேயே அடங்கிவிடும். நுரையும் உலர்ந்ததாக வரும். மரக்கல்லோ சில வாரங்களில் ஊறி அடைத்துக்கொண்டு பெரிய குமிழியாக விடத் தொடங்கும், மாற்றியாக வேண்டும். இவ்வளவுதான் பார்ப்பது என்றால் ஊசிச் சக்கரம் ஜெயித்துவிட்டது.

ஆனால் நான் மரக்கல் பக்கம். முதல் காரணம் கரண்ட். 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போதும் மழைக்காலத்தில் ஒரு மரம் லைனில் விழுந்தால் தோட்டப் பக்கம் இரவு முழுக்க இருட்டுதான். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பை அதே குழாயில் மாட்டினால், குமிழி குறைந்தாலும் தொட்டிக்கு மூச்சு கிடைக்கும். ஊசிச் சக்கர பம்புக்கு இன்வெர்ட்டர் வேண்டும். இரண்டாவது, உதிரிப்பாகம். அந்தச் சக்கரம் உடைந்தால் ஹட்டனிலோ பதுளையிலோ தேடிப் பயனில்லை. மரக்கல்லை மொத்தமாக வாங்கி டப்பாவில் போட்டு வைக்கலாம்.

திறமையில் பெரிய நட்டம் வருமோ என்று தயங்க வேண்டாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009இல் காற்றுக்கல் வகை, ஊசிச் சக்கர வகை இரண்டையும் சேர்த்துச் சில ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தார். எல்லாமே தண்ணீரிலிருந்த மொத்தக் கரிமப் பொருளில் 20 முதல் 30 சதவீதம் அளவைத்தான் எடுத்தன. வகைக்கு வகை வித்தியாசம் சிறியது. நுரை பிடிக்காத பொருளை எந்தக் கருவியாலும் பிடிக்க முடியாது.

மரக்கல்லுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. மெல்லிய காற்று என்பதால் பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பாமல் ஒரு சைஸ் பெரிய ஏர் பம்பாக எடுக்க வேண்டும். நான்கு அடித் தண்ணீரின் அழுத்தத்தை எதிர்த்து மரத் துளை வழியே ஊதுவது சின்ன பம்புக்கு ஆகாது. அப்புறம், பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் காற்றுக் குழாயில் நொன்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் கரண்ட் போன நேரத்தில் உப்புத் தண்ணீர் பின்னால் ஓடி பம்பைத் தின்றுவிடும்.

குழாயை உருட்டுவதா, எஸ்-லோன் போதுமா

முழு உடம்பையும் கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில் செய்ய ஆசை வரும். குமிழி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் நான்கு அடி நீளக் குழாயை உருட்ட வேண்டுமென்றால் அந்த ஷீட் முழுதும் ஒரே நேரத்தில் 160 பாகைக்குச் சூடாக வேண்டும். கேக் சுடும் ஒவனில் அது நுழையவே நுழையாது. பகுதி பகுதியாகச் சூடாக்கினால் குழாய் கோணிக்கொள்ளும். ஆயத்தமான அக்ரிலிக் குழாய் புறக்கோட்டைப் பக்கம் கிடைக்கும், ஆனால் விலை அதிகம், பஸ்ஸில் கொண்டுவருவதும் சிரமம்.

உடம்புக்கு 110 மில்லிமீட்டர் எஸ்-லோன் (பி.வி.சி.) பைப் போதும். எந்த ஹார்ட்வெயாரிலும் உண்டு, ஒட்டுவது சுலபம், கசியாது. உள்ளே தெரியாதே என்றால், பார்க்க வேண்டிய இடம் நுரை மேலேறும் குறுகிய கழுத்துதான். நுரை எங்கே உடைகிறது, எங்கே கெட்டியாகிறது என்பது அங்கே தெரிந்தால் மற்றதைச் சரிசெய்துவிடலாம்.

ஆகவே வளைக்கும் வேலை கழுத்துக்கும், அதன் மேலே நுரை வழிந்து சேரும் கோப்பைக்கும் மட்டும். இரண்டுக்கும் வழி வேறு.

கழுத்தை உருட்டலாம். அச்சாக 2 அங்குல ஜி.ஐ. (நாகம் பூசிய இரும்பு) பைப் எடுங்கள், வெளி விட்டம் 60.3 மி.மீ. அதன்மேல் 3 மி.மீ. ஷீட் சுற்றினால் ஷீட்டின் நடுக்கோட்டு விட்டம் 63.3, சுற்றளவு ஏறத்தாழ 199 மி.மீ. வார்ப்பு அக்ரிலிக் சூட்டில் 2 சதவீதம் போலச் சுருங்கும், அதனால் 208 என்று வெட்டி, உருட்டிய பின் அரத்தால் சரிசெய்வது நல்லது. உயரம் 15 சென்டிமீட்டர் என்றால் சின்ன ஒவனுக்கே போதும். பி.வி.சி. பைப்பை அச்சாக வைக்கக் கூடாது, 80 பாகையிலேயே அது இளகத் தொடங்கும். ஜி.ஐ. பைப்பின்மேல் ஃப்ளானல் துணியைச் சுற்றினால் தழும்பு விழாது. ஒவனிலிருந்து எடுக்கும்போது ஷீட் ரொட்டி மாவு போலத் தொய்ந்து கிடக்கும். கையுறையோடு எடுத்துச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டி, தானாக ஆறும்வரை தொடாமல் விட வேண்டும்.

கோப்பையை மடிக்கலாம். 12 செ.மீ. உயரப் பட்டியை மூன்று இடத்தில் மடித்தால் நான்கு சுவர் வந்துவிடும், ஒட்டுவது ஒரே மூலை. நான்கு துண்டை ஒட்டினால் கசிய நான்கு இடம், இங்கே ஒன்று. நிக்ரோம் கம்பியை 12 வோல்ட் ட்ரான்ஸ்ஃபோமரில் சூடாக்கி, ஷீட்டைத் தொடாமல் சில மில்லிமீட்டர் கீழே பிடித்தால் அந்தக் கோடு மட்டும் இளகும். அயர்ன் பொக்ஸ் கம்பியை நேரே 230 வோல்ட்டில் கொடுக்கும் முறையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், உயிர் போகும். சூடான பக்கம் வெளியே வரும்படி மடியுங்கள். ஷீட் தன் எடையிலேயே தொய்யும்வரை பொறுக்க வேண்டும், பலத்தால் மடித்தால் உள்ளே விசை தங்கிவிடும்.

ஹீட் கன் மூன்றாவது வழி. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சூடு ஓரிடத்தில் குவிந்து பொங்கிவிடும், நம் ஊரில் இன்னும் மோசமாக. ஏனென்றால் அக்ரிலிக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் மூடுபனியில் கிடந்த ஷீட்டை நேரே 160க்குக் கொண்டுபோனால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி ஷீட் முழுக்கப் பொரிப்பொரியாகக் குமிழ் கிளம்பும், பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை. மேல் தாளை உரித்து, 80 பாகையில், ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கு ஒரு மணித்தியாலம் குறையாமல் உலர்த்த வேண்டும். மலையகத்தில் இந்தப் படியை விடவே முடியாது.

ஒட்டும் நாள்

டைகுளோரோமீத்தேனும் குளோரோஃபோமும்தான் அக்ரிலிக்கை ஒட்டக் கைக்கு வரும் இரண்டு திரவங்கள். முதலாவது 40 பாகையிலேயே கொதிக்கும், சட்டென ஆவியாகும். ஆவியாகும்போது மூட்டைக் குளிர்விக்கும், அந்தக் குளிரில் காற்றின் ஈரம் படிந்து ஒட்டு வெள்ளையாகப் பூத்துவிடும். கொழும்பின் வெக்கையில் மதியம் வேலை செய்பவருக்கு இது சின்னத் தொல்லை, தலவாக்கலையில் மழை நாளில் மூட்டே பலவீனமாகும். 61 பாகையில் கொதிக்கும் குளோரோஃபோம் மெதுவாகப் போகும், அதனால் இங்கே அதுதான் மேல். இரண்டுமே உடம்புக்குக் கெடுதி, ஈரலைப் பாதிக்கும். மடிக்கும்போது குளிர்காற்று படாமல் ஜன்னலைச் சாத்த வேண்டும், ஒட்டும்போது எல்லா ஜன்னலையும் திறக்க வேண்டும். ஆகவே இரண்டு வேலையையும் ஒரே மாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஹட்டன் பக்கம் பெப்ரவரி, மார்ச் நல்லது. ஊவாவில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வெயிலும் உலர்ந்த காற்றும் கிடைக்கும்.

ஒட்டுவதற்கு முன், வளைத்த துண்டுகளை மறுபடி 80 பாகையில் சில மணித்தியாலம் வைத்து, ஒவனுக்குள்ளேயே ஆற விட வேண்டும். விசை தங்கிய இடத்தில் திரவம் பட்டால் மயிரிழை விரிசல்கள் ஓடும். கழுத்தின் அடியில் தட்டையான அக்ரிலிக் வளையத்தை ஒட்டி, எஸ்-லோன் ஃப்ளேஞ்சின்மேல் ரப்பர் வாஷரோடு நைலோன் போல்ட்டால் இறுக்குங்கள். சிலிக்கோன் அக்ரிலிக்கில் உறுதியாகப் பிடிக்காது, வாராவாரம் கழுத்தைக் கழற்றிக் கழுவவும் வேண்டியிருக்கும்.