அன்ஃபர்லா அன்ஃபோல்டா, எதை எங்க போடணும்?
ரெண்டுக்குமே விரியுறதுன்னுதான் அர்த்தம், அதனாலதான் இங்கிலீஷ்ல எழுதும்போது நிறைய பேர் குழம்புறாங்க.

எதுக்கு வரும்:
அன்ஃபர்ல் – சுருண்டு இருக்கறது விரிஞ்சா. கப்பல் பாய், வாழைக்குருத்து.
அன்ஃபோல்ட் – மடிச்சு வச்சதைப் பிரிச்சா. லெட்டர், மேப், போர்வை.

கொடிக்கு அன்ஃபர்ல்தான், ஆனா ஆகஸ்ட் 15 செங்கோட்டையில கீழருந்து மேல ஏத்துறாங்க பாருங்க அதுக்கு ஹாய்ஸ்ட்னுதான் எழுதணும், ஜனவரி 26 அன்னைக்கு கொடி மேலயே கட்டியிருக்கும், கயித்தை இழுத்ததும் முடிச்சு அவுந்து விரியும், அதான் கரெக்டான அன்ஃபர்ல்.

கதை, சம்பவம் மெல்ல மெல்ல தெரிய வருதா? கண்ண மூடிக்கிட்டு அன்ஃபோல்ட் போடுங்க.

எக்ஸாம்ல சினானிம் கேட்டா அன்ஃபர்லுக்கு அன்ரோல் ரொம்ப கிட்ட வரும், சாதாரண பேச்சுக்கு ஸ்ப்ரெட் அவுட், ஓப்பன் அவுட் தாராளமா போதும்.