எட்டு முழ வேட்டியும் ஒரு பிளாக்லைட்டும்: ஏழு கோடை அனுபவம்

அந்துப்பூச்சி பார்க்க என்ன வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். இருப்பது நியூ ஜெர்சியில், எடிசனில். 2019 கோடையில் ஆரம்பித்து ஏழு கோடை ஓடிவிட்டது. சாமான்கள் இவ்வளவுதான்: 15 வாட் பிளாக்லைட் (புற ஊதா விளக்கு) டியூப், 12 வோல்ட் பேட்டரி, ஒளியைத் தேடி வரும் பூச்சி உட்கார ஊரிலிருந்து கொண்டுவந்த எட்டு முழ வேட்டி.

முதலில் மலிவாகக் கிடைத்த ஊதா எல்.இ.டி. பல்பை வாங்கி ஏமாந்தேன். அதன் ஒளியின் அலைநீளம் 395 நானோமீட்டர். நம் கண்ணுக்கு அழகாக ஊதா தெரியும், பூச்சிதான் அவ்வளவாக வராது. 365 - 370 பக்கம் ஒளி தரும் டியூபை மாட்டிய அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. வாங்கும்போது வாட்டைவிட இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். எரிகிற டியூபை நேராக உற்றுப் பார்க்காதீர்கள், கண்ணுக்கு ஆகாது.

வேட்டி விஷயத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். அதனால் பலமுறை துவைத்த வேட்டிதான் நல்லது. இரண்டு மேப்பிள் மரங்களுக்கு நடுவே கொடி கட்டி, துணி கிளிப் போட்டு, கீழ் ஓரத்தைப் புல்லில் ஒரு முழம் பரப்பி விடுகிறேன்.

பலர் வாளிப் பொறி வைக்கிறார்கள். விளக்குக்குக் கீழே புனல், வாளிக்குள் பூச்சி ஒளிந்துகொள்ள முட்டை அட்டை. இரவு வைத்துவிட்டுத் தூங்கலாம், காலையில் பார்த்துவிட்டு விட்டுவிடலாம். நானும் ஒரு கோடை முழுக்க வைத்துப் பார்த்தேன். எண்ணிக்கை அதிகம், மறுப்பதற்கில்லை. ஆனால் விடிகாலையில் தனியாக உட்கார்ந்து முட்டை அட்டையைத் திருப்புவது எனக்கு ஒட்டவில்லை. வேட்டியைச் சுற்றி எட்டுப் பேர் நிற்கலாம். அதற்காகவே வேட்டிக்குத் திரும்பினேன்.

பக்கத்து ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில்தான் 2012இல் தேசிய அந்துப்பூச்சி வாரத்தைத் தொடங்கினார்கள். ஜூலையின் கடைசி முழு வாரம். பெயர் தேசியம், இன்றைக்குப் பல நாடுகளில் அதே இரவுகளில் விளக்கு எரிகிறது. அந்த வாரம் எங்கள் தோட்டத்துக்கு ஒரு போலந்துப் பாட்டி, கொலம்பியத் தம்பதி, ஜெர்மன் ஆராய்ச்சி மாணவர், என்னை அங்கிள் என்று கூப்பிடும் குஜராத்திப் பையன் எல்லாரும் வந்துவிடுவார்கள். பூச்சிக்கு அவரவர் மொழியில் என்ன பெயர் என்று ஒரு நாள் பேச்சு வந்தது. ஜெர்மனில் நாஹ்ட்ஃபால்டர், போலந்தில் ச்மா. நான் விட்டில் என்றேன். சொல்ல எளிதாக இருந்ததோ என்னவோ, இப்போது எது வந்து ஒட்டினாலும் முதலில் கத்துவது பாட்டிதான்: "விட்டில்! விட்டில்!"

விளக்குக்கு அதிகம் வராத பூச்சிகளுக்கு மரத்தில் சர்க்கரைப் பூச்சு தடவுவோம். கனிந்து கறுத்த வாழைப்பழம், பீர், நாட்டுச்சர்க்கரை எல்லாம் சேர்த்துப் பிசைந்து இரண்டு நாள் வெயிலில் புளிக்க வைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியக் கைப்பக்குவம் உண்டு. நான் கருப்பட்டி போடுவேன். கொலம்பிய அக்கா பனேலா என்று ஒரு கட்டியைக் கொண்டுவந்தார். முகர்ந்து பார்த்தால் நம் வெல்லம்! கரும்புச் சாற்றைக் காய்ச்சி அச்சில் ஊற்றுகிற அதே முறை. அன்றைக்குப் பூச்சியை மறந்துவிட்டு அரை மணி நேரம் வெல்லம்தான் பேசினோம். அப்புறம் ஆளுக்கொரு மரம் பிரித்துக்கொண்டு, யார் மரத்துக்கு அதிகம் வருகிறது என்று சிவப்பு டார்ச்சோடு சுற்றினோம். பனேலா ஜெயித்தது. இன்னும் என் கருப்பட்டியை விடவில்லை.

அப்படி வருவதில் முக்கியமானவை காட்டோகாலா என்ற பேரினத்து அந்துப்பூச்சிகள். இவற்றுக்குக் கல்யாணப் பெயர் வைக்கும் பழக்கம், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் காலத்திலிருந்தே இருக்கிறது. அமெரிக்காவில் மணப்பெண், காதலி, விதவை, ஒருமுறை மணந்தவள், கண்ணீர்க்காரி, ஆறுதலற்றவள் என்று ஒரு குடும்பக் கதையே உண்டு. "காதலி வந்தாச்சு, கண்ணீர்க்காரி இன்னும் வரலை" என்று இருட்டில் குரல் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ! மணப்பெண்ணை முதன்முதலில் கிட்டப் பார்த்தது மறக்காது. மரப்பட்டைபோலச் சாம்பலும் பழுப்புமாகக் கூரையாக மடிந்த முன்னிறகு. எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பையன் மெல்ல மூச்சு விட்டான். முன்னிறகு நகர்ந்து, உள்ளே கறுப்புப் பட்டை போட்ட ஆரஞ்சு சட்டென்று விரிந்தது. ஆறு பேரும் ஒரே நேரத்தில் "ஆ" என்றோம்.

குறைகளும் சொல்ல வேண்டும். ஐரோப்பியப் பெருங்குளவி இரவிலும் வெளிச்சத்துக்கு வரும். வந்தால் கொஞ்ச நேரம் விளக்கை அணைத்துவிடுங்கள். பூச்சி காதுக்குள் புகாமலிருக்கப் பஞ்சு வைத்துக்கொள்வது நல்லது. விடியும்வரை எரிய விட்டால் பறவைகள் வந்து வேட்டியையே சாப்பாட்டு இலையாக்கிவிடும், ஆகவே நள்ளிரவில் அணைத்து மெதுவாக உதறிவிடுகிறோம்.

இங்கே இரவு பத்து மணி என்றால் கோயம்புத்தூரில் காலை ஏழரை. அங்கே ஒரு சிநேகிதி. போன கோடையில் பச்சை லூனா அந்துப்பூச்சி ஒன்று எங்கள் வேட்டியில் வந்து உட்கார்ந்தது. வளர்ந்த லூனாவுக்குச் சாப்பிட வாயே கிடையாது, ஒரு வாரம்போலத்தான் ஆயுள். வௌவாலின் எதிரொலியைக் குழப்புவது அந்த நீண்ட வால்தான். படம் அனுப்பினேன். பத்து நிமிடத்தில், முந்திய இரவு அவர் எடுத்த படம் வந்தது: அதே ஆக்டியாஸ் பேரினம், நம் ஊர் நிலா அந்துப்பூச்சி, அதே பச்சை, அதே வால். "அக்காவும் தங்கையும்" என்று எழுதியிருந்தார். போனைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லாரும் பார்த்தார்கள்.

வேட்டியில் இப்போது கருப்பட்டிக் கறையும் நாலு ஓட்டையும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இரண்டாக வாங்க வேண்டும். பாட்டி தனக்கும் ஒன்று கேட்டிருக்கிறார், பச்சைக் கரை போட்டது.